குஞ்சின் கழுத்து சாய்ந்துவிட்டது, என்ன செய்வது?

வளவுக் கோழி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் ஆறு கிழமை வயதான ஊர்க்கோழிக் குஞ்சுகள் ஐந்து நிற்கின்றன. நேற்றுப் பின்னேரம் பூனை ஒன்று வந்து ஒரு பேட்டுக்குஞ்சைக் கழுத்தில் கவ்விவிட்டது. மகள் தும்புத்தடியோடு ஓடிப்போய் விடுவித்தாள். கழுத்தின் பின்பக்கம் தோல் கிழிந்திருக்கிறது. தலை இடது பக்கம் சாய்ந்து கிடக்கிறது. எழும்பப் பார்த்தால் சுழன்று விழுகிறது. மகள் ஐஸ்பழத் தடி ஒன்றை வைத்துக் கழுத்தைக் கட்டிவிட்டிருக்கிறாள். மாமி, "உது தப்பாது, திருகிச் சட்டிக்குள்ள போடு" என்கிறா. மகள் இரவு சாப்பிடவில்லை. இந்தக் குஞ்சைக் காப்பாற்ற ஏலுமா?
கோண்டாவில் வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கேள்வியை ஆசிரியர் வியாழன் விடியவே எனக்கு அனுப்பிவிட்டார். இதழ் அச்சாகி வரும்வரை குஞ்சு காத்திருக்காது. கோண்டாவில் எங்கள் உரும்பிராயிலிருந்து சைக்கிள் தூரம்தானே, அன்றைக்கே வந்து பார்த்தேன். ஆகவே இங்கே எழுதுவது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதே கேள்வியோடு எத்தனையோ வீடுகளில் ஆட்கள் நிற்கிறார்கள், அவர்களுக்காகத்தான் முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் மகளின் ஐஸ்பழத் தடி. அவள் அன்போடு செய்த வேலை, அதை நான் குறை சொல்லமாட்டேன். கை முறிந்தால் மட்டை வைத்துக் கட்டுகிறார்கள், அதைப் பார்த்துத்தான் அவளும் கட்டியிருக்கிறாள். ஆனால் கோழியின் கழுத்து கை மாதிரி இல்லை. எங்கள் கழுத்தில் 7 எலும்புகள்தான். கோழியின் கழுத்தில் 13, 14 சிறிய எலும்புகள் மாலை கோத்தது போல இருக்கின்றன. அந்த மாலையை ஒட்டியபடியேதான் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் போகின்றன. கொஞ்சம் கீழே, தின்ற தீன் முதலில் தங்குகிற இரைப்பை. தடியை வைத்து இறுக்கினால் எலும்பு நேராகாது, மூச்சுத்தான் இறுகும். நூலை அறுத்துத் தடியை எடுத்தவுடன் குஞ்சு வாயை மூடி மூச்சு விட்டதை அந்தப் பிள்ளையே பார்த்தாள். பிறகு அவளுக்கு நான் எதுவும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

சரி, காயத்துக்கு வருவோம். வெளியே பார்த்தால் ஒரு கிழிசல்தான் தெரிந்தது. துவாயால் உடம்பைச் சுற்றி, தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, இறகை எதிர்ப்பக்கமாக ஊதி ஊதிப் பார்த்தோம். கிழிசலுக்கு மேலே இரண்டு, தொண்டைப் பக்கம் இரண்டு, மொத்தம் நாலு சிறு துளைகள். ஒவ்வொன்றும் கடுகளவு. பூனைக் கடியில் பயப்பட வேண்டியது கிழிசலுக்கு அல்ல, இந்தத் துளைகளுக்குத்தான். பூனையின் பல் ஊசி மாதிரி. வாயிலுள்ள கிருமியைத் தசைக்குள் ஆழமாக விட்டுவிட்டு வரும், மேலே தோல் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு நாள் நன்றாக நின்ற குஞ்சு இரண்டாம் நாள் தூங்கி வழிந்து மூன்றாம் நாள் செத்துக் கிடப்பது இதனால்தான். பூனை கடித்தது என்று தெரிந்தால் "பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே, பிந்தினால் அடுத்த நாள் விடியவே, உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அவர் தருவது மட்டும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற அமொக்சிசிலின் கப்ஸ்யூலைப் பிரித்துக் கொடுக்க வேண்டாம், பனடோலும் வேண்டாம். ஆளுக்கான அளவை 300 கிராம் குஞ்சுக்குக் கண்மட்டத்தில் பிரிக்க முடியாது.

டொக்டரிடம் போகுமுன் காயத்தை ஒருமுறை கழுவினோம். அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, தலை தட்டினது. ஊசி இல்லாத சிரிஞ்சால் மெதுவாகப் பீய்ச்சினால் மண்ணும் உமியும் தானாக வெளியே வரும். பஞ்சால் தேய்க்க வேண்டாம், நார் உள்ளே ஒட்டும். இறகு காயத்துக்குள் மடிந்து கிடந்தால் முனை மழுங்கிய கத்தரியால் வெட்டுங்கள், பிடுங்க வேண்டாம். குஞ்சின் கழுத்துத் தோல் வெங்காயத் தோல் மாதிரி, இறகோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். கடைசியாகப் பொவிடோன் அயடினைத் தண்ணீரில் கலந்து, பிளேன்ரீ நிறத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு துளி விட்டோம். அவ்வளவுதான்.

உங்கள் மாமி மஞ்சள்தூள் டப்பாவோடு வந்து நின்றா. எங்கள் வீடுகளில் மஞ்சள், கோப்பித்தூள், அடுப்புச் சாம்பல், புழு வைத்தால் மண்ணெண்ணெய் என்று ஒரு வரிசை இருக்கிறது. நான் 31 வருடம் வளவு வளவாகத் திரிந்து பார்த்ததைச் சொல்கிறேன். தூள் அப்பின காயம் மேலே பொருக்குக் கட்டி அழகாகக் காயும், பொருக்கைத் தூக்கினால் கீழே சீழ். மண்ணெண்ணெய் புழுவையும் கொல்லும், உயிருள்ள தசையையும் சுடும். புழு வைத்துவிட்டால் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்புத் தண்ணீரால் கழுவுவதுதான் வழி. பொறுமை வேண்டும். அதைவிட நல்லது இலையான் அண்டவிடாமல் பார்ப்பது. குஞ்சு இருக்கிற பெட்டிக்கு மேலே நுளம்புவலைத் துண்டு ஒன்றைப் போடுங்கள், இலையானும் வராது, அம்மை பரப்புகிற நுளம்பும் வராது. எறும்புக்கு, பெட்டியை ஒரு ஸ்ரூலில் வைத்து, நாலு காலுக்கும் நாலு சிரட்டையில் தண்ணீர்.

கழுத்துக் காயத்தில் இன்னும் மூன்று விஷயம் உடனே கண்ணில் பட வேண்டும். தீனோ தண்ணீரோ கொடுத்தவுடன் காயத்தால் ஈரம் கசிந்தால் இரைப்பை கிழிந்திருக்கிறது, அதைத் தைக்க வேண்டும், வீட்டு வைத்தியம் இல்லை. காயத்தில் மூச்சுக்கு மூச்சு குமிழி வந்தால் மூச்சுக்குழலில் ஓட்டை. கழுத்துத் தோல் பலூன் மாதிரி ஊதி, தொட்டால் பொலித்தீன் பை கசங்குகிற மாதிரிச் சரசரத்தால் தோலுக்கடியில் காற்றுப் புகுந்திருக்கிறது. மூன்றுக்கும் டொக்டர்தான். உங்கள் குஞ்சுக்கு இது எதுவும் இல்லை. கால் விரலை மெல்லக் கிள்ளினேன், வெடுக்கென்று இழுத்தது. எனக்கு அப்போதுதான் மனம் ஆறியது. காலை இழுக்காத குஞ்சு, எச்சம் போடாத குஞ்சு, தலைமட்டும் உயிரோடு இருக்கிற குஞ்சு என்றால் முள்ளந்தண்டு நரம்பு போய்விட்டது. அதை நாலு நாள் வருத்தி வைத்திருப்பது இரக்கம் இல்லை. அந்த நிலையில் மாமி சொன்னது சரி, அதைக்கூட டொக்டரைக் கொண்டு நோகாமல் செய்விக்கலாம்.

டொக்டர் தையல் போடவில்லை. கடி காயத்தை மூடித் தைத்தால் கிருமியையும் சேர்த்துத் தைத்தது மாதிரி. ஒரு ஊசியும், ஐந்து நாளுக்கு வாயில் விட மருந்தும் தந்தார். மருந்து நிற்பாட்டின பிறகும் அவர் சொல்கிற நாள் கழியும்வரை அந்தக் கோழியை இறைச்சிக்கு எடுக்கக் கூடாது. இதையும் மாமியிடம் சொல்லிவிட்டேன்.

இனித்தான் முக்கியமான விஷயம். என் அனுபவத்தில், கழுத்துக் காயத்தால் செத்த குஞ்சைவிட, காயம் ஆறுகிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் செத்த குஞ்சுதான் அதிகம். தலை சாய்ந்த குஞ்சு பசியில்லாமல் சும்மா நிற்பதில்லை. அது சாப்பிடத்தான் பார்க்கிறது. பக்கத்தில் குந்தியிருந்து கவனியுங்கள். நிலத்தில் கிடக்கிற குறுணலைக் கண்ணால் பிடிக்கும், குறிவைக்கும், கொத்தும். சொண்டு இரண்டு விரல்கடை தள்ளி வெறும் நிலத்தில் விழும். திரும்பக் கொத்தும், திரும்பவும் விலகும். ஏழெட்டுத் தரம் கொத்திக் களைத்துக் கண்ணை மூடும். பார்க்கிறவர்கள் "தீன் போட்டிருக்கு, தின்னுதில்லை" என்பார்கள். சிந்தின குறுணல் முழுவதும் அப்படியே கிடக்கும். நிறைந்த பாத்திரத்துக்கு முன்னாலேயே குஞ்சு பட்டினி கிடக்கும்.

அதனால் தீனை நிலத்தில் போடாதீர்கள். ஆழமான கிண்ணத்தில், குஞ்சின் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். குஞ்சுத்தீனை இளஞ்சூட்டுத் தண்ணீரில் களி மாதிரிக் குழைத்து, அவித்த முட்டை மஞ்சட்கரு கொஞ்சம் பிசைந்து, விளிம்புவரை நிரப்புங்கள். எங்கே கொத்தினாலும் வாயில் ஏதாவது அகப்படும். கோண்டாவிலில் ஒரு கோப்பையைச் செங்கல்லில் ஏற்றி வைத்தோம். முதல் கொத்து விளிம்பில் பட்டது, இரண்டாவது களிக்குள் போனது. தலையை உதறி உதறி அது விழுங்கியபோது மகள் கையைத் தட்டப் போனாள், நான் பிடித்துக்கொண்டேன். இந்தக் குஞ்சுக்குச் சத்தம் ஆகாது. வெருண்டால் கழுத்து இன்னும் முறுகிக் கரணம் அடிக்கும்.

தண்ணீர் கொடுப்பதில் என் கையால் ஒரு பிழை நடந்திருக்கிறது. 1984 இல் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வீட்டில் இப்படித்தான் கழுத்து வளைந்த குஞ்சு. வாயைப் பிளந்து தேக்கரண்டியால் தண்ணீர் ஊற்றினேன். ஒரு தரம் களகளவென்று சத்தம் வந்தது, என் கையிலேயே துவண்டுவிட்டது. கோழியின் நாக்குக்குப் பின்னால் உடனேயே மூச்சுத் துளை இருக்கிறது, நான் ஊற்றினது நேரே நெஞ்சுக்குள் போய்விட்டது. அந்த வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதன்பிறகு நான் ஒரு குஞ்சுக்கும் வாயைப் பிளந்து ஊற்றினதில்லை. சொண்டின் பக்கவாட்டு விளிம்பில் ஒரு துளி தொடுங்கள். அது தானாக உள்ளே உறிஞ்சும், தலையை நிமிர்த்தி விழுங்கும். விழுங்கின பிறகு அடுத்த துளி. முகத்தைத் திருப்பினால் நிற்பாட்டுங்கள். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், ஒவ்வொரு தரமும் மூன்று நாலு மில்லிலீற்றர் போதும். முதல் நாள் ஜீவனி, அதாவது வயிற்றோட்டத்துக்குக் குடிக்கிற உப்புச் சீனிக் கரைசல், கொடுக்கலாம்.

அது போதுமானது போகிறதா என்று எப்படித் தெரியும்? கழுத்தின் அடியில், கொஞ்சம் வலப்பக்கமாக இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். பின்னேரம் சின்னத் தேசிக்காய் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். விடிய வெறும் தோல். விடியவும் கல் மாதிரி இருந்தால் உள்ளே இறங்கவில்லை, தீனை நிற்பாட்டி டொக்டரிடம் கேளுங்கள். குசினித் தராசு இருந்தால் தினமும் விடிய நிறுங்கள். கோண்டாவில் குஞ்சு முதல் நாள் 310 கிராம். மூன்றாம் நாள் 285. மகள் தொலைபேசியில் அழுதாள். ஆறாம் நாள் 300.

கழுத்தைத் தாங்குவதற்கு வந்த வழி என்னுடையது இல்லை, மாமியுடையது. மாமி எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கடகம் சுமந்த ஆள். நான் துணியை இப்படி மடி, அப்படி உருட்டு என்று கைவைத்துக்கொண்டிருக்க, அவ பழைய சேலைத் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு சுற்றில் ஒரு சும்மாடு கட்டித் தந்தா. அதன் நடுவில் குஞ்சை இருத்தினோம். உடம்பு பள்ளத்தில் பதிந்தது, கழுத்து சுற்றுவிளிம்பில் சாய்ந்தது, சுழன்று விழுவது நின்றது. இறுக்கம் இல்லை, கட்டு இல்லை. எச்சம் பட்டால் கழற்றித் தோய்க்கலாம். இத்தனை வருட வேலையில் எனக்கு இது தோன்றவில்லை.

சும்மாட்டோடு பனையோலைப் பெட்டி, கீழே துணி, மேலே வலை, ஒரு பக்கம் இருட்டு. சூடும் வேண்டும். பகலில் எங்கள் வெயில் போதும், ஆனால் மாசிப் பனி மூசிப் பெய்கிற இரவுகளில் காயப்பட்ட குஞ்சு குளிரில் சோர்ந்துவிடும். ஒரு பக்கத்தில் மின்குமிழ், மற்றப் பக்கம் விலகிப்போக இடம். வாயைத் திறந்து இளைத்தால் சூடு கூட, விடாமல் கீச்சிட்டால் குளிர். 90களில் மின்சாரம் இல்லாத வருடங்களில் சுடுதண்ணீர்ப் போத்தலைச் சாரத் துணியில் சுற்றி வைத்துத்தான் குஞ்சு வளர்த்தோம். மின்வெட்டு வந்தால் இப்போதும் அது போதும்.

நாலாம் ஐந்தாம் நாள் வீக்கம் வற்றினதும், ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம், குஞ்சை மடியில் வைத்து, தலையை இரண்டு விரலால் ஏந்தி, அது தானாக வருகிற அளவுக்கு மட்டும் நேர்ப்பக்கம் கொண்டுவந்து, இரண்டு நிமிடம் பிடித்திருங்கள். தள்ளினால் விட்டுவிடுங்கள். இதை மகளிடம்தான் கொடுத்தேன். அவள் கை சின்னது, அவசரப்படாத கை. ஒன்பதாம் நாள் விட்டவுடன் தலை திரும்பச் சாயாமல் கொஞ்ச நேரம் நின்றதாம். இந்த வேலைக்கு இரண்டு கிழமையும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். நாள் குறித்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

மற்றக் குஞ்சுகளோடு உடனே விட வேண்டாம். சிவப்பைக் கண்டால் கூடப் பிறந்ததுகளே கொத்தும். தனியே வைத்தாலும் சத்தம் கேட்கிற இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஏங்கும். காயம் ஆறி முள்ளிறகு குத்தத் தொடங்கினதும், இரண்டு மூன்று நாள் மற்றதுகளுக்கு நடுவே கரப்புக் கூடைக்குள் விட்டுப் பழக்குங்கள். பிறகு ஒரு பின்னேரம், அடைகிற நேரம் பார்த்துத் திறந்துவிடுங்கள்.

இதை எழுதும்போது இருபத்துமூன்றாம் நாள். நேற்று நிறுத்தது 420 கிராம். தலை இன்னும் ஒரு நூல் இடது பக்கம்தான். குறுணலை மூன்றில் இரண்டு தரம் பிடிக்கிறதாம்.

கேள்வி: அம்மா, பூனையும் இல்லை, நாயும் இல்லை, ஒரு காயமும் இல்லை. மூன்று கிழமைக் குஞ்சுகளில் நாலு தலையைப் பின்னுக்கு வளைத்து வானத்தைப் பார்க்கின்றன, பின்பக்கமாக நடந்து விழுகின்றன. பழைய தவிடும், கடற்கரையில் கிடைக்கிற சூடை, நெத்தலிக் குடலும்தான் தீன். ஏதாவது செய்வினையாக இருக்குமோ என்று வீட்டில் சொல்கிறார்கள்.
பருத்தித்துறை வாசகர்

பதில்: தம்பி, செய்வினை இல்லை, காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சாதி மீன்கள் பலவற்றின் பச்சைக் குடலில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கிற பொருள் ஒன்று இருக்கிறது. தினமும் பச்சையாகப் போட்டால் குஞ்சுக்கு நரம்புச் சத்து வற்றி, கழுத்து பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். மீன் குடலை வீசத் தேவையில்லை. பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்தால் அந்தப் பொருள் கெட்டுவிடும், மீனின் சத்துக் குஞ்சுக்குச் சேரும்.

அடுத்தது தவிடு. புதுத் தவிடு பி1 நிறைந்தது, தங்கம். ஆனால் அதில் எண்ணெய் இருக்கிறது, எங்கள் வெக்கையில் கெதியாகக் காறிப்போகும். காறின எண்ணெய் தீனிலுள்ள ஈ உயிர்ச்சத்தைத் தின்றுவிடும். ஈ சத்துக் குறைந்தால் குஞ்சின் சிறுமூளை வீங்கிக் கெடும், அதிலும் இரண்டு முதல் நாலு கிழமை வயதுக் குஞ்சுகளில்தான் அதிகம். உங்கள் குஞ்சுகள் அந்த வயதில்தான் நிற்கின்றன. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து மணந்து பாருங்கள். பழைய நல்லெண்ணெய்ப் போத்தல் மணந்தால் கொட்டிவிடுங்கள், மனம் பார்க்காதீர்கள்.

இன்றைக்கே பி கொம்பிளக்ஸ் சிரப் வாங்கி, ஒவ்வொரு குஞ்சுக்கும் மூன்று துளி, காலையும் பின்னேரமும். ஈ உயிர்ச்சத்துக் குளிகையை ஊசியால் குத்தி, நாளுக்கு ஒரு துளி. மேலே எழுதின மாதிரிச் சொண்டின் ஓரத்தில் விடுங்கள். பி1 குறைதான் காரணம் என்றால் சில மணித்தியாலத்திலேயே தலை இறங்கத் தொடங்கும், உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். ஈ குறையால் வந்தது அப்படிக் கெதியாகத் திரும்பாது, சிலது திரும்பாமலே போகும். ஆனால் இன்னும் விழாத குஞ்சுகளை அது காப்பாற்றும், அதற்காகத்தான் எல்லாவற்றுக்கும் கொடுக்கச் சொல்கிறேன். பிறகு முருங்கையிலையைப் பொடியாக அரிந்து தினமும் போடுங்கள். ஈ சத்து அதில் நிறைய இருக்கிறது, உங்கள் வேலியிலேயே நிற்கும்.

இரண்டு நாளில் ஒரு மாற்றமும் இல்லாவிட்டால், அல்லது புதிதாக விழுகிற குஞ்சுகளுக்கு மூச்சு இழுத்தால், அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் கோழிகள் அடுத்தடுத்துச் சாகின்றன. பச்சையாகக் கழிகின்றன, வாயைத் திறந்து மூச்சு இழுக்கின்றன. தப்பின இரண்டு சேவல்களுக்குக் கழுத்து முறுகிப் போய்விட்டது. கழுத்தைப் பிடித்துவிட்டால் சுகமாகுமா?
சாவகச்சேரி வாசகி

பதில்: பிடித்துவிடும் வேலையை இப்போது விடுங்கள். இது ராணிக்கெட் நோயாக இருக்கலாம், நியூகாசில் என்று சொல்வதும் இதைத்தான். 1926 இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டதால் ஒரு பெயர், அதன்பின் இந்தியாவின் ராணிக்கெட்டில் கண்டதால் மற்றப் பெயர். இது வைரசு நோய், வந்த பிறகு மருந்து இல்லை. இன்றைக்கே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள், அவர்கள் பார்த்து உறுதி செய்யட்டும். உங்கள் வளவில் சுகமாக நிற்கிற கோழிகளைக் கூட்டுக்குள் அடைத்து வையுங்கள். ஒழுங்கையில் வேறு வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போன செருப்போடு உங்கள் கூட்டுக்குள் போகாதீர்கள். வருத்தக் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்காதீர்கள். இதை நான் மன்றாட்டமாகவே கேட்கிறேன், ஒரு கோழியின் விலைக்காக ஒரு ஊரின் கோழி அழிந்ததைக் கண்டிருக்கிறேன். செத்ததைக் கிணற்றுக்குத் தூரமாக ஆழத் தாட்டு, சுண்ணாம்பு தூவுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கழுவாமல் கண்ணைத் தொட்டால் உங்களுக்குக் கண் சிவக்கும்.

தப்பின சேவல்களின் கழுத்து அப்படியே நிற்கவும் கூடும். ஆழக் கிண்ணத்தில் தீன் வைத்தால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் நோய் பரப்புகிற காலம் முடிந்துவிட்டதா என்று டொக்டர் சொல்லும்வரை தனியே வையுங்கள். அடுத்த குஞ்சுக் கூட்டத்துக்குத் தடுப்பு மருந்து போடும் நாளை இப்போதே கேட்டு வையுங்கள். கண்ணில் ஒரு துளி விடுகிற மருந்துதான். குளிர் விட்டால் கெட்டுவிடும், ஐஸ் போட்ட போத்தலில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: பேடு ஒன்று கழுத்தைத் தூக்க முடியாமல் நிலத்தில் போட்டுக்கொண்டு கிடக்கிறது. முறுக்கம் இல்லை, துணி மாதிரித் துவண்டு போய்விட்டது. நேற்று வேலிக்கரையில் செத்துக் கிடந்த எலியில் புழுக் கொத்தினதைக் கண்டேன்.
வேலணை வாசகர்

பதில்: அந்தப் புழுதான். அழுகின உடலில் உண்டாகிற நஞ்சு புழுவைக் கொல்லாது, புழுவைத் தின்ற கோழியைப் படுக்கப் போடும். முதலில் கால், பிறகு செட்டை, பிறகு கழுத்து, கடைசியாகக் கண்மடல். கழுத்தில் அடிபட்டது என்று நினைத்துத் தைலம் பூசிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். எலியை எடுத்துத் தாட்டுவிடுங்கள், மற்றக் கோழிகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பேட்டை நிழலில், நெஞ்சில் குந்தியபடி, தலைக்குக் கீழே துணி வைத்துக் கிடத்துங்கள், தலை தொங்கினால் வாயில் ஊறுகிற நீரே மூச்சை அடைக்கும். விழுங்குகிறதா என்று ஒரு துளி விட்டுப் பார்த்து, விழுங்கினால் மட்டும் தண்ணீர். கொஞ்சமாகத் தின்றிருந்தால் இரண்டு மூன்று நாளில் தலை தூக்கும். கண்ணை மூடித் திறக்க முடியாத நிலை வந்தால் டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: வாங்கின குஞ்சுகளில் ஒன்றுக்குக் கழுத்தில் இறகே இல்லை. காயமா, வருத்தமா? மருந்து என்ன?
நீர்வேலி, ஒன்பதாம் வகுப்பு மாணவன்

பதில்: மகன், தோலைப் பாருங்கள். பொருக்கு இல்லை, இரத்தம் இல்லை, வெறும் இளஞ்சிவப்பு என்றால் மருந்து வேண்டாம், அது பிறப்பு. கழுத்தில் இறகு முளைக்காத கோழி இனம் ஒன்று இருக்கிறது. தாயோ தகப்பனோ ஒருவரில் அந்தக் குணம் இருந்தாலே குஞ்சுக்கு வரக்கூடும். உடம்பிலும் மற்றக் கோழிகளைவிட இறகு குறைவாக இருப்பதால் சித்திரை வெயிலை அது நன்றாகத் தாங்கும். குளிர் இரவில் மட்டும் மற்றக் குஞ்சுகளுக்கு நடுவில் படுக்கிறதா என்று ஒருக்கால் ரோர்ச் அடித்துப் பாருங்கள்.